பன்றி இல்லாத லோங்கனிசா

(மாசி மாதம் எமது சங்கத்தின் ஒன்றுகூடலில் நான் பேசியதைப் புத்தாண்டு மலருக்காக எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். பேசினதை முடிந்தவரை அப்படியே எழுதியிருக்கிறேன். இடையிடையே பேச்சுத்தமிழ் வருவதைப் பொறுத்துக்கொள்ளவும்.)



எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்லை. உயர்தரம் படிச்சதோட படிப்பு நிண்டு போச்சு. 2007 இல கிளிநொச்சியில சோதினை எழுதினனான். அதுக்குப் பிறகு நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். 2012 இல கனடாவுக்கு வந்து, அடுத்த வருஷத்திலயிருந்து ஸ்காபரோவில ஒரு உணவு பொதிசெய்யும் தொழிற்சாலையில நிக்கிறன். செயலாளர் அக்கா "சிறு தொழில் தொடங்கின அனுபவத்தைச் சொல்லும் பிள்ளை" என்று கேட்டபோது, "அக்கா, அது எங்கட ஆக்களின்ர சாப்பாடு இல்லையே" என்றேன். "அதுதான் கேக்கிறம்" என்றா. ஆனபடியால் சொல்கிறேன்.

கொஞ்சப் பேருக்கு ஏற்கெனவே தெரியும், ஏனெண்டால் கோயிலில கதை அடிபட்டது. நான் பண்டிச் சொசேஜ் செய்யிறனாம். அது பிழை. பண்டிச் சொசேஜ் மாதிரி ஒன்று செய்கிறோம், அதில பண்டி இல்லை. எந்த இறைச்சியும் இல்லை. கந்தசஷ்டிக்கும் சாப்பிடலாம், ஆனால் உள்ளி கனக்க இருக்கு, அதை நீங்களே யோசிச்சுக்கொள்ளுங்கோ.

எங்கட லைனில எனக்குப் பக்கத்தில நிண்டு வேலை செய்தவ ஒரு பிலிப்பைன்ஸ்காரி. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவ. அவையள் அக்காவை 'ஆத்தே' எண்டுதான் கூப்பிடுறது, அண்ணையை 'குயா' எண்டு. வந்த முதல் கிழமையே அவவைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரேல்லை. மற்றப் பிலிப்பைன்ஸ் பெட்டையள் கூப்பிடுறதைப் பார்த்து நானும் ஆத்தே எண்டன். அவவுக்கு அது பெரிய சந்தோஷம். இண்டைக்கும் அப்படித்தான்.

ஆத்தே 2008 இல கனடா வந்தவ, வீட்டில தங்கியிருந்து பிள்ளை பராமரிக்கும் வேலைக்கு. அந்தத் திட்டத்தில் வந்தவர்கள் 24 மாதம் ஒரு வீட்டுக்குள்ளேயே தங்கி வேலை செய்து முடித்தால்தான் நிரந்தர வதிவிடம் கேட்கலாம். மற்றவையின்ர பிள்ளைகளுக்குச் சோறு தீத்திக்கொண்டு, தன்ர மூண்டு பிள்ளைகளை ஏழு வருஷம் போனில வளர்த்தவ. எங்களுக்குக் காத்திருக்கிறதெண்டால் என்னவெண்டு தெரியும்தானே. நாங்கள் ரெண்டு பேரும் சிநேகிதமானதுக்கு அதுவும் ஒரு காரணம் எண்டு நினைக்கிறன்.

அவவின்ர ஊர் இலோகோஸ். பிலிப்பைன்ஸின் பெரிய தீவான லூசோனின் வடமேற்குக் கரை. அங்கே வீகன் என்று ஒரு பழைய பட்டினம், ஸ்பானியர் காலத்துக் கல் வீடுகள் இருக்கிற இடம். 1999 இல யுனெஸ்கோ அதை உலக மரபுரிமை இடமாக்கினது. ஆனால் பிலிப்பைன்ஸ் ஆக்களிட்ட வீகன் எண்டு சொன்னால் கல் வீட்டைப் பற்றிக் கதைக்கமாட்டினம், லோங்கனிசாவைப் பற்றித்தான் கதைப்பினம்.

லோங்கனிசா என்ற பெயர் ஸ்பானியரிடமிருந்து வந்தது, சாப்பாடு இப்போ முழுக்க அவர்களுடையது. கொத்தின பண்டி இறைச்சி, கொழுப்பு, உள்ளி, மிளகு, உப்பு, வினாகிரி எல்லாம் சேர்த்துக் குடலுக்குள்ள அடைச்சுக் கட்டுறது. ஊருக்கு ஊர் வேற வேற. எங்களுக்கு யாழ்ப்பாணத்துக் குழம்பும் மட்டக்களப்புக் குழம்பும் ஒண்டோ? அப்படித்தான். வீகனில கட்டையா, உள்ளி தூக்கலா, புளிப்பா இருக்கும். அதுக்குக் கரும்புச் சாறு புளிக்க வைச்சு எடுக்கிற கடும் நிற வினாகிரி போடுவினம். கெசோன் மாகாணத்து லுக்பானில ஒறேகானோ இலை போடுவினம். பம்பாங்காவில இனிப்பு. செபுவில சிவப்பா, உருண்டையா, அதுவும் இனிப்பு. காலமை இதைப் பொரிச்சு, பழஞ்சோத்தை உள்ளியோட வதக்கி, ஒரு முட்டையும் பொரிச்சு வைச்சுச் சாப்பிடுவினம். சோறு 'சினாங்காக்', முட்டை 'இத்லோக்'. மூண்டு பேரையும் வெட்டி ஒட்டி அந்தச் சாப்பாட்டுக்கு 'லோங்சிலோக்' எண்டு பேர் வைச்சிருக்கினம். நாங்கள் கொத்துரொட்டிக்குச் சண்டை பிடிக்கிற மாதிரி அவையள் எந்த ஊர் லோங்கனிசா நல்லது எண்டு சாப்பாட்டு நேரத்தில சண்டை பிடிப்பினம். நான் பார்த்திருக்கிறன்.

2022 இல ஆத்தேயின்ர மனிசனுக்கு நெஞ்சுவலி வந்து, இருதயக் குழாயில ஸ்ரென்ற் வைச்சது. டொக்டர் பண்டிக்கொழுப்பையும் உப்பையும் விடச் சொல்லிப்போட்டார். குயா ஒரு மாதம் பேசாமல் இருந்தாராம். பிறகு ஒரு நாள் காலமை வெறும் உள்ளிச் சோத்தைப் பார்த்துக்கொண்டு அழுதவராம். ஆத்தே இதைச் சாப்பாட்டு நேரத்தில சிரிச்சுச் சிரிச்சுத்தான் சொன்னவ. எனக்குச் சிரிப்பு வரேல்லை.

அடுத்த நாள் நான் வெள்ளிக்கிழமைச் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். சோயா மீற் பிரட்டல். ஆத்தே ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டுப்போட்டு, இது என்ன இறைச்சி எண்டு கேட்டா. சோயா எண்டன். நம்பேல்லை. அண்டைக்குப் பின்னேரமே தமிழ்க் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் ரெண்டு பக்கற் வாங்கிக் குடுத்தன். தொழில் அங்கதான் தொடங்கினது, எங்களுக்கு அப்ப தெரியாது.

அவ வீட்டில செய்து பார்த்த முதல் லோங்கனிசா சட்டியில போட்டவுடன உதிர்ந்து புட்டு மாதிரிப் போச்சு. நான் புட்டு எண்டு சொல்ல, அவ "ஓம், புத்தோ" எண்டா. அவையளும் அரிசிமாவில அவிக்கிற ஒண்டுக்கு 'புத்தோ' எண்டுதான் பேர். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சம். பிழை என்னவெண்டால், அவ சோயாவை ஊறப்போட்டு அப்படியே அரைச்சிட்டா. எங்கட அம்மாமார் செய்யிறது என்ன? சுடுதண்ணியில அவிச்சு, குளிர்தண்ணியில கழுவி, ரெண்டு தரம் இறுக்கிப் பிழிஞ்சு எடுக்கிறது. அப்பத்தான் அந்தப் பச்சை வாசமும் போகும், தண்ணியும் போகும். போரில நிவாரணச் சோயா சாப்பிட்டு வளர்ந்த எனக்கு, அதைப் பிழியிற கை இருக்குது. இதெல்லாம் ஒரு அறிவு எண்டு நான் அதுவரைக்கும் நினைச்சதே இல்லை.

பிழிஞ்சாலும் ஒட்டாது. இறைச்சி சூட்டில தானாக இறுகும், சோயா இறுகாது. இறுக்குவதற்கு கோதுமைப் புரதம் சேர்த்தோம், அது கூடினால் செருப்புத்தோல் மாதிரி வரும். பிறகு மெதைல்செலுலோஸ் எண்டு ஒரு வெள்ளை மா. மர நாரிலயிருந்து எடுக்கிறது. அதின்ர குணம் அதிசயம்: ஐஸ்தண்ணியில கரைக்கவேணும், சூடாகும்போது இறுகும், ஆறினால் திரும்ப இளகும். ஜெலற்றினுக்கு நேர் எதிர். வெதுவெதுப்பான தண்ணியில போட்டால் கட்டி கட்டியா நிக்கும், ஒண்டும் செய்ய ஏலாது. இதை விளங்க எங்களுக்கு நாலு மாதம் பிடிச்சது. கொழுப்புக்குத் தேங்காயெண்ணெய். அதை உருக்கி ஊத்தினால் கலந்து காணாமல் போயிடும். பிறிட்ஜில இறுக வைச்சு, துருவி, கடைசியாகக் குளிரோடேயே கலந்தால் வெள்ளைப் புள்ளி புள்ளியாக நிக்கும். சட்டியில போட அது உருகி வழியும், பண்டிக்கொழுப்பு வழியிற மாதிரி. நிறத்துக்கு அச்சுவேத்தே விதையை மெல்லிய சூட்டு எண்ணெயில போட்டுச் சிவப்பு இறக்கிறது. அடுப்பைக் கூட்டினால் கறுத்துக் கசக்கும்.

குடல் உறை வைக்கேல்லை. பிலிப்பைன்ஸிலயே உறையில்லாத லோங்கனிசா நல்லா விக்கிறது, ஆனபடியால் அது குறை இல்லை. உருட்டிறதுதான் கஷ்டம். எங்கட வீட்டு முறுக்கு உரலின்ர பழைய தட்டொண்டில இவர் ஒரு பெரிய ஓட்டை துளைச்சுத் தந்தார். பிழிஞ்சு, தாளில சுத்தி, ஆவியில அவிச்சு, ஆறவைச்சு, பிறீசரில வைக்கிறது. குயாவுக்குப் பொரிச்சுக் குடுத்தம். அவர் ஒண்டும் சொல்லாமல் நாலு சாப்பிட்டார். அஞ்சாவதைக் கடிச்சுக்கொண்டு, வினாகிரி காணாது எண்டார். ஆத்தே என்ர கையைப் பிடிச்சு அமத்தினா.

இனிக் காசுக் கதை. இதைச் சொல்லத்தான் எனக்குக் கூச்சம்.

2023 ஆனியில் எனக்குச் சீட்டு விழுந்தது. ஆறாயிரம் டொலர். அந்தச் சீட்டை நான் பிடிச்சது அம்மாவைக் கூப்பிட. அம்மா கிளிநொச்சியில தம்பியோட இருக்கிறா. அவவுக்கு சூப்பர் விசா எடுக்கிறதெண்டால் ஒரு லட்சம் டொலருக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி ஒரு வருஷத்துக்குக் காட்டவேணும், பிறகு விமானச் சீட்டு, உடுப்பு, மற்றச் செலவு. எல்லாம் கணக்குப் பார்த்து வைச்சிருந்த காசு. ஆத்தேயும் அந்த நேரம் தன்ர சீட்டு எடுத்திருந்தா. அவையளுக்கும் சீட்டு இருக்கு, 'பலுவாகான்' எண்டு பேர், ஏலம் கூறாமல் முறை வைச்சு எடுக்கிறது. அவவும் ஆறாயிரம் போடுறன் எண்டா.

இவர் வேண்டாம் எண்டார். அண்ணை வேண்டாம் எண்டார். ரெண்டு கிழமை நித்திரை இல்லை. கடைசியில் அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னன். அவ கனநேரம் பேசேல்லை. பிறகு, "நான் அடுத்த வருஷம் வாறன் பிள்ளை. உயிரோட இருந்தால் வருவன்தானே" எண்டா. அவ அதைச் சாதாரணமாகத்தான் சொன்னவ. ஆனால் அந்த வசனம் ரெண்டு வருஷம் எனக்குள்ள கிடந்து அரிச்சது. லேபல் ஒட்டும்போதும் அரிச்சது.

சட்ட விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், தொழில் தொடங்க நினைக்கிறவர்களுக்கு உதவும். ஒன்ராறியோவில் 2020 தொடக்கம் பாண், பிஸ்கற், ஜாம், ஊறுகாய் போன்ற ஆபத்துக் குறைந்த சாப்பாடுகளை வீட்டுக் குசினியில் செய்து விற்பது இலகுவாக்கப்பட்டிருக்கிறது. குளிரில வைக்கவேண்டிய எங்கட சாமான் அதுக்குள்ள வராது. பரிசோதனைக்கு உட்பட்ட சமையற்கூடம் வேணும். உணவு கையாளும் சான்றிதழ் உள்ள ஒருவர் வேலை நடக்கும் நேரம் அங்க நிக்கவேணும். அந்தச் சோதினையில நான் பாஸ் பண்ணினன். 2007 க்குப் பிறகு நான் எழுதின முதல் சோதினை. பேப்பரைத் திருப்பிக் குடுக்கேக்க கை நடுங்கினது.

வியாபாரப் பெயரை ஒன்லைனில பதிய 60 டொலர், ஐந்து வருஷத்துக்கு. பங்காளிகளாகப் பதிந்தால் ஒருவர் படும் கடனுக்கு மற்றவரும் பொறுப்பு. இதைப் பதியமுதலே விளங்கிக்கொள்ளுங்கோ, பதிஞ்ச பிறகு இல்லை.

லேபல் கதையைச் சொல்லத்தான் வேணும். ஆங்கிலத்திலயும் தகாலொக்கிலயும் வடிவா 600 லேபல் அடிச்சம். முதல் கடைக்காரரே திருப்பிவிட்டார், பிரெஞ்சு எங்க எண்டு கேட்டு. சரியெண்டு விசாரிக்கப் போனால் இன்னொரு சிக்கல். இறைச்சிக்குப் பதிலாக, இறைச்சி மாதிரியே செய்து விற்கிற சாமானில 'சிமியுலேற்றட்' என்ற சொல்லும், இறைச்சி இல்லை என்ற வசனமும் போடவேணும், புரதமும் சொன்ன அளவுக்கு இருக்கவேணும். நான் அகராதியில பார்த்தன். போலி, பாசாங்கு எண்டு கிடக்குது. ஆத்தேக்கு வந்ததே கோவம். "என்ர அம்மாவின்ர ருசி போலியோ?" எண்டு கேட்டா. நான் என்ன செய்யிறது, சட்டம். 600 லேபலும் குப்பைக்குள்ள. அதின்ர பின்பக்கத்தில இப்பவும் என்ர மகன் படம் கீறுறான்.

சமையற்கூடம் எங்கட ஆக்களின்ர ஒரு கேற்றறிங் இடம். இரவு பத்து மணிக்குப் பிறகு மணித்தியாலத்துக்கு 28 டொலர். தொழிற்சாலையில பின்னேரம் மூண்டரைக்கு வேலை முடிஞ்சு, பிள்ளையளுக்குச் சமைச்சுக் குடுத்து, பத்து மணிக்கு அங்க போவம். முதல் வேலை அவையளின்ர ஆட்டிறைச்சிச் சட்டியெல்லாம் எடுத்து வைச்சு, மேசையைக் கழுவித் துடைக்கிறது. எங்கட சட்டி, கரண்டி எல்லாம் வேற பெட்டியில பூட்டி வைச்சிருக்கிறம்.

இப்ப கணக்கைக் கேளுங்கோ. ஒரு இரவு ஆறு மணித்தியாலம், வாடகை 168 டொலர். 30 கிலோ செய்வம். 375 கிராம் பக்கற்றாக 80 வரும். சாமான் செலவு 120, பக்கற்றும் லேபலும் 36. மொத்தம் 324. கடைக்கு ஒரு பக்கற் ஐந்தரை டொலருக்குக் குடுத்தம், 440 வந்தது. மிச்சம் 116. ரெண்டு பேரின் 12 மணித்தியால வேலை. பிரிச்சுப் பாருங்கோ, மணித்தியாலத்துக்குப் பத்து டொலரும் இல்லை. அதுக்குள்ள பெற்றோல் காசு இன்னும் கழிக்கேல்லை. 2025 கடைசியில இஞ்ச அடிப்படைச் சம்பளம் 17 டொலர் 60 சதம். என்ர தொழிற்சாலை முதலாளியே என்னை அவ்வளவு மலிவா வேலை வாங்கேல்லை, நானே என்னை வாங்கினன். இந்தக் கணக்கை நாங்கள் ஏழு மாதம் போடவேயில்லை. பக்கற் விக்குது எண்ட சந்தோஷத்தில ஓடிக்கொண்டு இருந்தம். தொழில் தொடங்கிறவைக்கு நான் சொல்லக்கூடியது இந்த ஒண்டுதான், உங்கட சொந்த மணித்தியாலத்தையும் செலவாக எழுதுங்கோ.

2024 வைகாசியில ஒரு பெரிய பிழை விட்டம். அவிச்ச லோங்கனிசாவை 60 பாகையிலிருந்து 20 க்கு ரெண்டு மணித்தியாலத்துக்குள்ளயும், பிறகு 4 க்கு அடுத்த நாலு மணித்தியாலத்துக்குள்ளயும் இறக்கவேணும். தொழிற்சாலையில பத்து வருஷமா நான் செய்யிற வேலையே அதுதான், வெப்பமானி பார்த்து எழுதிறது. அண்டைக்கு விடிய நாலு மணி. ரெண்டு பேரும் நிண்டபடி தூங்கிறம். ஆறமுன்னமே பக்கற் பண்ணி மூடிப்போட்டம். வீட்டை வந்து படுத்தாப் பிறகுதான் எனக்கு மனசில தட்டுப்பட்டது. ஆத்தேயை எழுப்பிக் கேட்டன், பதிவுத் தாளில ஒண்டும் எழுதேல்லை. அதுக்குள்ள 76 பக்கற் கடைக்குப் போயிட்டுது. ஒருத்தருக்கும் ஒண்டும் நடந்திருக்காது எண்டு ஆத்தே சொன்னா. நடந்திருந்தால்? போய் அவ்வளவையும் திருப்பி எடுத்துக் கொட்டினம். ஒரு கடைக்காரர் பிறகு எங்களிட்ட வாங்கேல்லை. மற்றவர் அதுக்குப் பிறகுதான் கூட வாங்கத் தொடங்கினார்.

அதே வருஷம் ஐப்பசி கார்த்திகையில பிலிப்பைன்ஸுக்கு ஒரு மாத காலத்துக்குள்ள ஆறு புயல் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா அடிச்சது. ஆத்தேயின்ர தாய் வீட்டுக் கூரை போச்சு. அவ என்னைக் கேக்காமல் எங்கட கணக்கிலயிருந்து 1,400 டொலர் எடுத்து அனுப்பிப்போட்டா. அது புதுக் கலவை மெசினுக்குச் சேர்த்த காசு. எனக்குத் தெரிய வந்தபோது லைனில நிண்டம். சத்தம் போட ஏலாது, சுப்பவைசர் நிக்கிறார். பெல்ற் ஓடுது, நாங்கள் ரெண்டு பேரும் பெட்டி மடிக்கிறம், அவவின்ர கண்ணால தண்ணி ஓடுது, நான் பார்க்காத மாதிரி நிக்கிறன். மூண்டு கிழமை வேலைக்கு மட்டும் கதைச்சம். அம்மாவின்ர பயணத்தை நிப்பாட்டிப் போட்ட காசு, அவவின்ர அம்மாவின்ர கூரைக்குப் போனது எண்டு எனக்கு ஆத்திரம். அப்படி நினைச்சது இப்ப வெக்கமாக இருக்கு, ஆனா நினைச்சது உண்மை. மாசத்துக்கு 100 டொலராகத் திருப்பித் தந்தா. நானும் வேண்டாம் எண்டு சொல்லாமல் வாங்கினன்.

போன கார்த்திகையில, 2025 இல, டித்வா புயல் எங்கட நாட்டை அடிச்சது. கிளிநொச்சியில தம்பி வீட்டுக்குள்ள வெள்ளம். அண்டிரவு கணக்கில கை வைச்சது நான். கேட்டுத்தான் எடுக்கவேணும் எண்டு நானே எழுதி ஒட்டின விதி. விடிய ஆத்தேக்குச் சொல்லப் போனால், அவ தன்ர போனை நீட்டினா. வங்கி அறிவித்தல் அவவுக்கும் வாறது. இரவே பார்த்திருக்கிறா. "காணுமோ?" எண்டு மட்டும் கேட்டா.

எந்த ருசியில செய்யிறது எண்டும் எங்களுக்குள்ள சண்டை. ஆத்தேக்கு வீகன் லோங்கனிசாவைத் தவிர மற்றதெல்லாம் மிட்டாய். நான் விற்பனையைப் பார்த்துச் சொன்னன், இஞ்ச பிறந்த பிள்ளையள் இனிப்பைத்தான் கேக்கினம், ஸ்காபரோவில இருக்கிற ஆக்கள் எல்லாரும் இலோகோஸ்காரர் இல்லை எண்டு. கடைசியில ரெண்டும் செய்யிறம். இனிப்பு மூண்டு பங்கு விக்கும், உள்ளி ஒரு பங்கு. அந்த ஒரு பங்கை அவ தன்ர கையாலதான் பிசைவா, என்னை விடமாட்டா. எங்கட லைனில மின்டனாவோப் பக்கத்து முஸ்லிம் பெட்டை ஒண்டு இருக்கு. பண்டி எண்டபடியால் வாழ்க்கையில லோங்கனிசா சாப்பிடாதது. முதல் தரம் எங்கடதைத்தான் சாப்பிட்டது. சின்னனிலயிருந்து பக்கத்து வீட்டு வாசம் மட்டும்தான் தெரியும் எண்டு சொல்லிச்சு.

ஒரு உண்மையையும் ஒளிக்காமல் சொல்லவேணும். மரக்கறியில செய்தால் உடம்புக்கு நல்லது எண்டு சனம் நினைக்குது. நாங்களும் அப்படித்தான் நினைச்சம். ஊட்டச்சத்து அட்டவணை போடக் கணக்குப் பார்த்தபோதுதான் தெரிஞ்சது, எங்கட உப்பு பண்டிச் சொசேஜுக்குக் கிட்டத்தட்டச் சமன். தேங்காயெண்ணெய் நிறைகொழுப்பு. யாருக்காகத் தொடங்கினமோ, அந்தக் குயாவுக்கே இது ஒவ்வொரு நாளும் சாப்பிடக்கூடிய சாமான் இல்லை. ஆத்தே அந்தத் தாளைக் கையில வைச்சுக்கொண்டு கனநேரம் இருந்தா. இந்த 2026 தை முதலாம் திகதியிலிருந்து கனடாவில் புதுச் சட்டம். பெரும்பாலான பொதிசெய்த சாப்பாட்டில, ஒருத்தர் ஒரு தரம் சாப்பிடுற அளவுக்குள் உப்போ சீனியோ நிறைகொழுப்போ நாளாந்த அளவின் 15 வீதத்தைத் தொட்டால் முன்பக்கத்தில பூதக்கண்ணாடிப் படத்தோட குறி போடவேணும். உப்புக்கு அந்த எல்லை 345 மில்லிகிராம். நாங்கள் போன வருஷம் முழுக்க அதுக்காகத்தான் மினைக்கெட்டனாங்கள். உப்பைக் குறைச்சு, வினாகிரியும் மிளகும் உள்ளியும் கூட்டி, தேங்காயெண்ணெயில பாதியைக் கனோலா எண்ணெயாக்கி. உள்ளி லோங்கனிசா இப்ப குறிக்குக் கீழ நிக்குது. இனிப்பு இன்னும் சரிவரேல்லை, அதில குறி போட்டுத்தான் விக்கிறம். குயா கிழமைக்கு ஒரு நாள், ஞாயிறு, ரெண்டு துண்டு சாப்பிடுறார்.

அம்மா 2025 ஆடியில வந்தா. ரெண்டு வருஷம் பிந்தி. விமான நிலையத்தில சக்கர நாற்காலியில வந்தவ. 2023 இல எண்டால் நடந்து வந்திருப்பா. இதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, இண்டைக்குத்தான் சொல்லுறன். வந்து ரெண்டாம் நாள் பொரிச்சுக் குடுத்தன். மென்று பார்த்துப்போட்டு, "உது சோயா மீற்றெல்லோ பிள்ளை. உதுக்கோ வெள்ளைக்காரர் காசு குடுக்கினம்?" எண்டா. வெள்ளைக்காரர் இல்லையம்மா, பிலிப்பைன்ஸ் ஆக்கள் எண்டன். "ஆரெண்டாலும் உப்புக் காணாது" எண்டா. பிறகு ஆத்தே வீட்டுக்கு வந்தபோது ரெண்டு பேரும் ஒரு பாஷையும் இல்லாமல் குசினியில இருந்து முழு உள்ளியும் உரிச்சு முடிச்சினம்.

இப்ப நிலைமை என்னவெண்டால், பழைய கலவை மெசின் ஒண்டு வாங்கி ஒரு இரவில 60 கிலோ செய்யிறம், எட்டு மணித்தியாலம். அதே கணக்கைப் போட்டால் ஆளுக்கு மணித்தியாலத்துக்கு 21 டொலர் சொச்சம் வருது. கிழமைக்கு ஒரு இரவுதான். போட்ட ஆறாயிரத்தில எனக்கு நாலாயிரத்து ஐந்நூறு திரும்பி வந்திருக்கு. தொழிற்சாலையை விடேல்லை. விடச் சொல்லி ஆத்தே கேட்டுக்கொண்டு இருக்கிறா, தொழிற்சாலையில இப்ப எங்களுக்குக் கிழமைக்கு நாலு நாள்தான் வேலை. இவர் விடவேண்டாம் எண்டுறார். நான் இன்னும் முடிவெடுக்கேல்லை.

கத்தோலிக்கருக்கு இப்ப தவக்காலம் தொடங்கிட்டுது. வெள்ளிக்கிழமைகளில இறைச்சி சாப்பிடமாட்டினம், பெரிய வெள்ளிக்கு முன்னம் 240 பக்கற் கேட்டிருக்கினம். பங்குனி கடைசியில ரெண்டு இரவு உருட்டி அடுக்க ஆள் வேணும். சம்பளம் 18 டொலர், கையில தருவம், கணக்கில எழுதித்தான் தருவம். விருப்பமானவை என்னட்டைச் சொல்லுங்கோ.

ஆத்தே மண்டபத்துக்குப் பின்னால குசினியில நிக்கிறா. பேச வெக்கம், வரமாட்டன் எண்டுட்டா. ரெண்டு விதமும் பொரிச்சு உள்ளிச் சோத்தோட வைச்சிருக்கிறா. முட்டை வேற தட்டில இருக்கு, சைவமானவை அந்தப் பக்கம் போகாமல் இடது பக்கத் தட்டில எடுங்கோ. வினாகிரிக் கிண்ணம் நடுவில இருக்கு, தொட்டுச் சாப்பிடவேணும், குடிக்கிறேல்லை.